திரியெஸ்தே: கருத்தரங்குக்குப் போகிறவருக்கு இந்த ஊர் எப்படி?

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சுண்ணாம்புக்கல் மேடு, முதுகுக்குப் பின்னால் ஸ்லோவேனியா என்று நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது திரியெஸ்தே. சுமார் 2 லட்சம் பேர் வாழும் ஊர். சுற்றுலாக்காரர்கள் வெனிஸோடு திரும்பிவிடுவார்கள். இங்கே வருகிற வெளிநாட்டுக்காரர்களில் கழுத்தில் பெயர் அட்டை தொங்கவிட்டவர்களுக்குக் குறைவில்லை. காரணம், 1964-ல் அப்துஸ் சலாம் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம். தமிழ்நாட்டில் இயற்பியல், கணிதம் ஆராய்கிறவர்களுக்கு இந்த மையம் தூரத்துச் சொந்தம் மாதிரி. தண்டரையில் பிறந்த கணித மேதை எம்.எஸ்.நரசிம்மன் 1990-களில் இதன் கணிதப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். வளரும் நாடுகளின் இளம் கணிதவியலாளர்களுக்கு 2005 முதல் இந்த மையம் வழங்கும் பரிசுக்குப் பெயரே ராமானுஜன் பரிசு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊருக்குள் சுற்ற நூற்றுக்கு எண்பத்தைந்து மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். ஊருக்கு வந்து சேர்வதற்கு ஐம்பத்தைந்துதான். இந்த ஊரில் தூரத்தைப் பார்த்து ஓட்டல் எடுத்தவர் கஷ்டப்படுவார். உயரத்தையும் பஸ் எண்ணையும் பார்த்து எடுத்தவர் பிழைத்துக்கொள்வார்.

முதலில் அரங்கம் எங்கே என்று பாருங்கள்

அழைப்புக் கடிதத்தில் 'திரியெஸ்தே' என்று போட்டிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது. கருத்தரங்கு நடக்கும் இடங்கள் ஊரின் நாலு மூலையிலும் சிதறிக் கிடக்கின்றன.

இயற்பியல் மையம் இருப்பது ஊருக்கு வடமேற்கே, மிராமாரே கோட்டைத் தோட்டத்தை ஒட்டி. அதன் விருந்தினர் விடுதிகள் இரண்டு. கலிலியோ விடுதி மேலே, வளாகத்தின் பக்கத்தில். அத்ரியாத்திகோ விடுதி கீழே, கிரிஞ்ஞானோ படகுத் துறையில், அலை வந்து மோதுகிற தூரத்தில். (இத்தாலியர் 'ஜி', 'என்' இரண்டையும் சேர்த்து எழுதினால் அது நம் 'ஞ'. நமக்கு வாயில் சுலபமாக வரும்.) வரைபடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஆனால் கீழேயிருந்து மேலே நடக்கப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும், முழுக்க ஏற்றம். குறுக்கு வழி கோட்டைத் தோட்டத்துக்குள்ளே போகிறது. குளிர்காலத்தில் அதன் கதவைச் சீக்கிரமே சாத்திவிடுவார்கள். மாலை அமர்வு முடிந்து இருட்டில் அந்த வழியாக இறங்கலாம் என்று நினைத்தால் பூட்டுதான் வரவேற்கும். திரும்பும் வழி எது என்று பகல் வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

சிஸ்ஸா என்கிற முனைவர் பட்ட ஆய்வுப் பள்ளி பொனோமேயா தெருவில், மலைச் சரிவில், பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் இருக்கிறது. 38-ம் எண் பஸ் அங்கே ஏறும். மிராமாரேவும் சிஸ்ஸாவும் வரைபடத்தில் அண்டை வீடு போலத் தெரிந்தாலும் ஒன்று கடல் மட்டத்தை ஒட்டி, மற்றது மலைமேல். நடந்து போய்விடலாம் என்று கிளம்புகிறவர்கள் சட்டை நனைந்துதான் போய்ச் சேருவார்கள். பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடமும் குன்றின் மேல்தான். அதற்கு 17, இல்லையென்றால் '17 பார்ரா'. பஸ் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டிருந்தால் அதை 'பார்ரா' என்று படிப்பார்கள். அதே வழித்தடத்தின் மாற்றுப்பாதை என்று அர்த்தம். சாய்கோடு இருக்கிற பஸ்ஸையும் இல்லாததையும் ஒன்றென்று நினைத்து ஏறுவது இங்கே புதியவர்கள் செய்யும் முதல் தப்பு.

எலெத்ரா சிங்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கி ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவர்கள் மேட்டின் உச்சியில், ஸ்லோவேனிய எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் பசோவித்சாவுக்குப் போக வேண்டும். அங்கே போவது 51-ம் எண் நகரப் பஸ். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்குப் போகும் வெளியூர்ப் பஸ்ஸுக்கும் 51 என்றே பெயர். அட்டவணையில் ஜி51 என்றும் காணலாம். பழைய அழைப்புக் குறிப்புகள் இரண்டையும் வெறும் '51' என்றே எழுதியிருக்கும். ஒன்று கிழக்கே மலைக்குப் போகிறது. மற்றது வடமேற்கே கடற்கரை வழியாக விமான நிலையத்துக்கு. பெட்டியோடு தப்பான 51-ல் ஏறினால் விமானம் போன பிறகுதான் விஷயம் புரியும்.

பெரிய மாநாடுகள் பழைய துறைமுகத்தில் கிடங்குகளைப் புதுப்பித்துக் கட்டிய மாநாட்டு மையத்தில் நடக்கும். சில, ஊர் நடுவில் கப்பல் துறையை ஒட்டிய ஸ்தாத்சியோனே மாரித்திமாவில். இந்த இரண்டுக்கும் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மத்திய ரயில் நிலையத்தை ஒட்டி ஓட்டல் எடுத்தால் போதும், சமதரையிலேயே நடந்துவிடலாம்.

வந்து சேர்வது

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ இத்தாலியின் இந்த மூலைக்கு நேர் விமானம் கிடையாது. நடைமுறையில் இரண்டு வழி.

ஒன்று, திரியெஸ்தே விமான நிலையத்துக்கே வருவது. டிக்கெட் தேடும்போது குறி டி.ஆர்.எஸ். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ரோங்கி என்ற இடத்தில் இருக்கும் சின்ன நிலையம். சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் வந்து அங்கே மாறுவது பலர் எடுக்கும் வழி. ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் வட்டத்துக்குள், நுழைவது ஃப்ராங்க்ஃபர்ட்டில் என்பதால் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். அதற்கான வரிசை காலை நேரத்தில் நீளமாக இருக்கும். 2025 அக்டோபர் 12 முதல் விரல்ரேகை, முகப்படம் எடுத்துக் கணினியில் பதியும் புது முறையும் வந்துவிட்டது. முதல்முறை போகிறவருக்கு அதில் கூடுதல் நேரம் பிடிக்கும். டிக்கெட் விற்கும் தளம் ஒரு மணி நேர இடைவெளியோடு இணைப்பு காட்டினால் மயங்க வேண்டாம். இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் எடுங்கள். அங்கிருந்து திரியெஸ்தேவுக்கு ஒரு நாளைக்கு விமானங்கள் கைவிரலில் எண்ணிவிடலாம். ஒன்றை விட்டால் அடுத்தது மாலையிலோ மறுநாளோதான். ஐம்பத்தைந்து மதிப்பெண் என்றது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொன்று, வெனிஸில் இறங்கி ரயிலில் வருவது. துபாய் வழியாக வளைகுடா விமானத்தில் வருகிறவர்களுக்கு இதுதான் வசதி. விமானம் தாமதமானாலும் அடுத்த ரயில் இருக்கிறது என்ற நிம்மதி இதில் உண்டு. எங்கள் ஓட்டு இந்த வழிக்குத்தான்.

வெனிஸ் மார்க்கோ போலோ விமான நிலையத்திலிருந்து மெஸ்த்ரே ரயில் நிலையத்துக்கு பஸ்ஸில் போக வேண்டும். வெளியே வந்ததும் ஏ.டி.வி.ஓ. என்ற நீலப் பஸ் நிற்கும். சுமார் இருபது நிமிடப் பயணம். 'வெனிஸ்' என்றதும் தண்ணீர் நகரத்துக்குள் இருக்கும் சாந்தா லூச்சியா நிலையத்தின் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டாலும் அடுத்து மெஸ்த்ரேவில் நின்றுதான் வரும். அங்கே போய்த் திரும்புவதில் நேரம் போகும். பெட்டியை இழுத்துக்கொண்டு பாலப் படிகளில் ஏறும் ஆசை இருந்தால் வேறு விஷயம்.

மெஸ்த்ரேவிலிருந்து திரியெஸ்தேவுக்கு இரண்டு தடம். கடலோரமாகப் போர்த்தோகுருவாரோ, மோன்ஃபல்கோனே வழியாக வருவது சுமார் இரண்டு மணி நேரம். த்ரெவீசோ, ஊதினே என்று வடக்கே சுற்றிக்கொண்டு வருவது அதைவிட ஒரு மணி நேரம் வரை கூட இழுக்கும். இரண்டுக்கும் அறிவிப்புப் பலகையில் கடைசி நிலையம் 'த்ரியெஸ்தே சென்ட்ராலே' என்றே இருக்கும். கீழே ஓடும் சின்ன எழுத்தில் ஊதினே வருகிறதா, போர்த்தோகுருவாரோ வருகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். முதலில் கிளம்பும் ரயில் எப்போதும் முதலில் போய்ச் சேராது.

டிக்கெட் விஷயத்தில் நம் பழக்கம் கை கொடுக்காது. வட்டார ரயிலுக்கு இருக்கை எண் கிடையாது. விலை முன்பே வாங்கினாலும் அன்றைக்கு வாங்கினாலும் ஒன்றுதான். அதனால் அவசரப்பட்டு வாங்கி வைக்க வேண்டியதில்லை. தாள் டிக்கெட் என்றால் நடைமேடைக்குப் போகுமுன் சுவரிலோ தூணிலோ இருக்கும் சின்ன மெஷினில் அதை நுழைத்து முத்திரை குத்த வேண்டும். அச்சு விழுந்ததா என்று வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். குத்தாத டிக்கெட் இருந்தும் இல்லாததற்குச் சமம். பரிசோதகர் அபராதம் போடுவார். 'நான் வெளிநாட்டுக்காரன், தெரியாது' என்பது தினமும் அவர் கேட்கிற வசனம். செல்பேசியில் வாங்கிய வட்டார டிக்கெட்டுக்கு ஏறுமுன் 'செக்-இன்' பொத்தானை அழுத்த வேண்டும்; வாங்கியதோடு வேலை முடியவில்லை. இருக்கை எண்ணோடு வரும் ஃப்ரெச்சாரோஸ்ஸா போன்ற வேக ரயிலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் அதை முன்கூட்டியே எடுத்தால்தான் மலிவு, குறிப்பிட்ட ரயிலைத் தவறவிட்டால் பணமும் போகும். விமானத்திலிருந்து இறங்கி நேராக வருகிறவர்கள் வட்டார ரயிலோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

திரியெஸ்தே விமான நிலையத்துக்கே வந்து இறங்குகிறவர்களுக்கு 2018-ல் வாழ்வு வந்தது. அந்த வருடம்தான் 'த்ரியெஸ்தே ஏர்போர்ட்' என்ற ரயில் நிலையம் திறந்தார்கள். முனையக் கட்டடத்திலிருந்து சுமார் 425 மீட்டர் நீள மூடிய நடைபாலம் ரயில் நடைமேடை வரை போகிறது; நடுவில் நகரும் பாதையும் உண்டு. ஏழெட்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு அரைமணி நேரம், ஐந்து யூரோவை ஒட்டிய கட்டணம். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதே நிலையத்தில் வெனிஸ் பக்கம், ஊதினே பக்கம் போகிற ரயில்களும் நிற்கும். திரியெஸ்தே எந்தப் பக்கம் என்று பலகை பார்க்காமல் முதலில் வந்ததில் ஏறினால் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

ரயில் இல்லாத நேரத்தில் வெளியூர் 51 பஸ். ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். மிராமாரே விடுதிக்காரர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. கடற்கரைச் சாலை வழியாக வரும் பஸ்ஸாக இருந்தால் ஊருக்குள் போய்த் திரும்பாமல் வழியிலேயே இறங்கிவிடலாம். எல்லாப் பஸ்ஸும் அந்தச் சாலையில் வருவதில்லை. ஏறும்போதே ஓட்டுநரிடம் 'மிராமாரே?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறினால் பிரச்சினை இல்லை.

டாக்ஸி இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் கட்டணத்தில் ஒரு நாள் ஓட்டல் வாடகையே கட்டிவிடலாம். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் யோசிக்கலாம். செயலியில் அழைத்தால் தெருமுனையில் வந்து நிற்கும் என்ற சென்னைப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். டாக்ஸி நிறுத்தத்துக்குப் போக வேண்டும், அல்லது ஓட்டல் வரவேற்பறையில் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

விசாவுக்கு ஒரு பத்தி போதும். அதிக நாள் தங்குவது இத்தாலி என்றால் இத்தாலி விசா. ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்குவதால் ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கக் கூடாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. சேவை மையக் கட்டணம் தனி. பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கருத்தரங்குக்காரர்கள் அழைப்புக் கடிதம் அனுப்பத் தாமதித்தால் வெட்கப்படாமல் நச்சரியுங்கள்.

ஊருக்குள்

மத்திய ரயில் நிலையத்தின் வாசலில் லிபெர்த்தா சதுக்கம். நகரப் பஸ்களில் பாதி இங்கே வந்துதான் போகும். பக்கத்திலேயே வெளியூர்ப் பஸ் நிலையம். இங்கிருந்து ஊரின் முகமான யூனித்தா சதுக்கத்துக்கு நடந்தால் கால் மணி நேரம், முழுக்கச் சமதரை. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே ஓட்டல் எடுத்தாலும் தப்பில்லை. யூனித்தா சதுக்கத்துக்குப் பின்னால் சான் ஜூஸ்தோ குன்றின் சரிவில் வாடகை குறைவாகத் தெரியும். அங்கே பெட்டியோடு ஏறிப் பார்த்தால் குறைவு ஏன் என்று தெரிந்துவிடும்.

பஸ் டிக்கெட்டை ஓட்டுநரிடம் வாங்கலாம் என்று போகாதீர்கள். 'T' எழுத்துப் போட்ட புகையிலைக் கடையில், பத்திரிகைக் கடையில், மெஷினில், வட்டாரப் பஸ் நிறுவனத்தின் டி.பி.எல். எஃப்.வி.ஜி. செயலியில் வாங்கலாம். ஒரு மணி நேர டிக்கெட் ஒன்றரை யூரோவை ஒட்டி இருக்கும். அந்த நேரத்துக்குள் பஸ் மாறலாம். நாலைந்து நாள் தங்குகிறவர் பத்துப் பயண டிக்கெட் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது கைமேல் பலன். ஞாயிற்றுக்கிழமை புகையிலைக் கடைகள் பல மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைக்காதவர்கள் காலையில் நிறுத்தத்தில் நின்றுகொண்டு செயலியைப் பதிவிறக்குவார்கள்.

பஸ் வருவதைக் கண்டதும் கையை நீட்டுங்கள். சும்மா நின்றால் ஓட்டுநர் பார்த்துவிட்டுப் போய்விடக்கூடும். ஏறியதும் டிக்கெட்டை மெஷினில் குத்த வேண்டும். இறங்கும் இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பஸ்கள் சுத்தம், பெரும்பாலும் நேரம் தவறாதவை. எண்பத்தைந்து மதிப்பெண்ணுக்கு முக்கியக் காரணம் இவைதான்.

நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் படிக்க மூன்று இத்தாலியச் சொல் தெரிந்தால் போதும். 'ஃபெஸ்திவோ' என்றால் ஞாயிறும் விடுமுறை நாளும். 'ஃபெரியாலே' என்றால் வேலை நாள். லீவு நாள் மாதிரி ஒலிக்கும், ஏமாந்துவிடக் கூடாது. சனிக்கிழமையும் ஃபெரியாலேயில்தான் சேரும். 'ஸ்கொலாஸ்திகோ' என்றால் பள்ளி நாட்களில் மட்டும். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15, நவம்பர் 1 ஆகியவை தேசிய விடுமுறை; நவம்பர் 3 இந்த ஊரின் காவல் புனிதர் சான் ஜூஸ்தோவின் திருநாள். அன்றெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைதான். இரவு ஒன்பது மணிக்கு மேல் பல எண் பஸ்கள் ஓய்ந்து, ஏ, பி, சி, டி என்று எழுத்துப் பஸ்கள் பெரிய வட்டமாகச் சுற்றும். கருத்தரங்கு விருந்து ஊருக்குள் நடந்து, தங்குவது மிராமாரேயில் என்றால், கடைசிப் பஸ் எப்போது என்பதைச் சூப் வருமுன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிராமாரே பக்கம் போக 6-ம் எண் பஸ்ஸே தினசரி வாகனம். ரயில் நிலையத்திலிருந்து பார்கொலா கடற்கரை வழியாகக் கிரிஞ்ஞானோ வரை, இருபது நிமிடத்தை ஒட்டி. போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், கடல் முழுக்க அந்தப் பக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பஸ்ஸின் குணமே மாறிவிடும். பார்கொலாவில் மணல் கிடையாது. சிமெண்ட் நடைபாதையில் துண்டை விரித்து ஊரே வெயில் காயும், அங்கேயே குதித்து நீந்தும். காலை ஒன்பதரைக்கு மேல் பஸ் முழுக்கக் குளிக்கப் போகிறவர்கள். மாலையில் ஈரத் துண்டும் உப்பு வாசனையுமாகத் திரும்புகிறவர்கள். நடுவே கருத்தரங்கில் ஒட்ட வேண்டிய ஆய்வுச் சுவரொட்டியைச் சுருட்டி வைத்த குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆய்வாளரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கோடையில் 36-ம் எண் பஸ்ஸும் கூட ஓடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்குள் ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும்.

ஒபர்தான் சதுக்கத்திலிருந்து ஒப்பிச்சீனா மேட்டுக்கு ஏறும் டிராம் 1902-ல் வந்தது. சரிவான பகுதியில் கம்பிவடம் பூட்டி மேலே தள்ளிவிடும் விசித்திர வண்டி. 2016 விபத்துக்குப் பிறகு வருடக்கணக்கில் முடங்கி 2025-ல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. வேடிக்கைக்காக ஏறுங்கள், குறித்த நேரத்துக்கு எங்கும் போக வேண்டும் என்றால் '2 பார்ரா' பஸ்தான்.

கெடுப்பவை மூன்று

முதலாவது, வேலைநிறுத்தம். இத்தாலியில் 'ஷோப்பெரோ' என்ற சொல்லை விமானம் ஏறுமுன்பே மனப்பாடம் செய்யுங்கள். திடீரென்று வருவதில்லை, முன்கூட்டியே தேதி அறிவிப்பார்கள். வெள்ளிக்கிழமை வருவது அதிகம். கருத்தரங்கு முடிந்து எல்லாரும் கிளம்பும் நாளும் அதுவே. ஆனால் வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட வட்டார ரயில்களை ஓட்டியே ஆக வேண்டும் என்று சட்டம். ஆகவே அன்றைக்குத் திரும்புகிறவர் பயணத்தை அந்த நேரத்துக்குள் அடக்கிக்கொண்டால் தப்பிக்கலாம். நகரப் பஸ்களுக்கும் இப்படி உத்தரவாத நேரம் உண்டு, ஆனால் ரயிலின் நேரத்தோடு ஒத்துப்போகாது; நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, போரா. ஊருக்குப் பின்னால் இருக்கும் கார்ஸ்ட் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டிலிருந்து கடலை நோக்கிப் பாய்ந்து விழும் வடகிழக்குக் காற்று. மேட்டில் தேங்கிய குளிர்க்காற்று கனமானது. சரிவில் உருண்டு இறங்கும்போது வேகம் பிடித்து ஊருக்குள் விழுகிறது. குளிர்காலத்தில் அதிகம். சில தடவை மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டியும் வீசியிருக்கிறது. தெருமுனைகளில் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு காலத்தில் கயிறு கட்டுவார்கள். வானம் தெளிவாக இருந்தால் வெளுத்த போரா, மழையோடு வந்தால் கறுத்த போரா என்று உள்ளூரில் பெயர். குடை கொண்டு போவது வீண். மறுநாள் குப்பைத் தொட்டிகளில் கம்பி நீட்டிக்கொண்டு கிடக்கும் குடைகளைப் பார்த்தால் புரியும். தலைமூடியோடு கூடிய காற்றுப் புகாத மேல்சட்டை ஒன்று போதும். கம்பளி நூல் ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்கொண்டு போனால் காற்று அதன் ஓட்டை ஓட்டையாக உள்ளே வரும். சுவரொட்டியைத் தாளில் அச்சடிக்காமல் துணியில் அச்சடித்து மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வது இந்த ஊருக்கு மிகப் பொருத்தம்.

மூன்றாவது, பார்கொலானா. 1969 முதல் அக்டோபர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பாய்மரப் படகுப் போட்டி. 2018-ல் 2,689 படகுகள் கலந்துகொண்டு உலக சாதனை ஆனது. அந்த வாரம் ஓட்டல் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும். அக்டோபர் நடுவில் கருத்தரங்கு என்றால் அழைப்பு வந்த அன்றே அறை பதிவு செய்யுங்கள். எந்த மாதமானாலும் ஓட்டலில் தங்கும் வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள். அலுவலகத்தில் செலவுக் கணக்குக் காட்ட அதற்கும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.

காப்பியும் சாப்பாடும்

1719 முதல் தீர்வையில்லாத் துறைமுகம். காப்பிக்கொட்டை மூட்டைகள் வந்து இறங்கிய ஊர். இல்லி காப்பி நிறுவனம் 1933-ல் பிறந்த ஊர். இங்கே காப்பிக்குத் தனி அகராதி. மற்ற இத்தாலியில் 'எஸ்பிரெஸ்ஸோ' என்று கிடைப்பதற்கு இங்கே 'நேரோ'. அதில் கொஞ்சம் பால் நுரை சேர்ந்தால் 'கப்போ'. அதையே பீங்கான் கோப்பைக்குப் பதில் சின்னக் கண்ணாடி டம்ளரில் கேட்டால் 'கப்போ இன் பி'. 'பி' என்பது டம்ளருக்கான இத்தாலியச் சொல்லின் முதல் எழுத்து. பெரிய கோப்பையில் நுரை ததும்பும் கப்புச்சீனோ வேண்டும் என்றால் 'கஃபேலாத்தே' என்று கேட்க வேண்டும். 'கப்புச்சீனோ' என்று கேட்டால் சின்னது வந்து நிற்கும்.

கும்பகோணம் டிகிரி காப்பியில் வளர்ந்த நாக்குக்கு இந்தக் கப்போ இன் பி கிட்டத்தட்ட வீட்டுக் காப்பி. அடியில் கறுப்பு, நடுவில் தேன் நிறம், மேலே விரல்கடை நுரை. கண்ணாடி என்பதால் மூன்று அடுக்கும் தெரியும். டம்ளர் சூடாக இருக்கும், விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். சர்க்கரை போட்டுத் தரமாட்டார்கள், பொட்டலம் மேடையில் இருக்கும். மூன்றே மடக்கு. மேடையோரம் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து பரிமாறினால் அதைவிடக் கூடுதல். யூனித்தா சதுக்கத்தில் 1839 முதல் இருக்கிற ஸ்பெக்கி காப்பிக்கடையின் வெளி நாற்காலியில் உட்காருவது காப்பிக்காக மட்டுமில்லை, இடத்துக்காகவும் கொடுக்கிற காசு. நிம்மதியாக உட்கார்ந்து உரையைத் திருத்த வேண்டும் என்றால் 1914-ல் தொடங்கிய சான் மார்கோ. உள்ளேயே புத்தகக் கடை, யாரும் எழுப்பிவிடமாட்டார்கள்.

சைவர்கள் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். உள்ளூர்ப் பெருமையான 'யோத்தா' அவரையும் புளித்த கோஸும் போட்ட கெட்டிச் சூப். பெயரில் இறைச்சி இல்லை, ஆனால் பல இடங்களில் பன்றியிறைச்சி சேர்ந்தே வேகும். ரிசோத்தோ என்ற குழைந்த அரிசிப் பண்டத்துக்கு இறைச்சி வேகவைத்த தண்ணீர் ஊற்றும் வழக்கம் உண்டு. 'சென்த்சா கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். ஆனால் மீனும் பன்றித் துணுக்கும் அந்தக் கணக்கில் வராது என்று நினைக்கும் சமையல்காரரும் உண்டு. 'சோனோ வெஜெத்தாரியானோ' என்று சொல்வதே சரி, பெண்கள் சொன்னால் 'வெஜெத்தாரியானா'. பாலும் வேண்டாம் என்பவர்களுக்கு மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, எண்ணெய் மட்டும், சீஸ் கிடையாது. ப்ளம் பழத்தை உள்ளே வைத்து, வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தரும் உருளைக்கிழங்கு உருண்டையும் சைவம். இனிப்பா உப்பா என்று முடிவு செய்ய முடியாத பண்டம், கிடைத்தால் விடாதீர்கள். சமையலறைகள் மதியம் இரண்டரைக்கு மூடி இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். நடுவில் பசித்தால் காப்பிக்கடை சாண்ட்விச்தான்.

நாலாம் நாள் தயிர்சாதத்துக்கு ஏங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சூப்பர் மார்க்கெட்டில் அரிசி நிறைய இருக்கும். ஆர்போரியோ வகையை எடுத்தால் குழைந்து பிசுபிசுக்கும், பொட்டலத்தில் 'பாஸ்மதி' என்று இருப்பதை எடுங்கள். தயிரில்தான் ஏமாறுவார்கள். 'பியாங்கோ' என்று வெள்ளையாகப் படம் போட்டிருந்தாலும் பக்கத்தில் 'தோல்ச்சே' என்று இருந்தால் சர்க்கரை கலந்தது. 'நாத்துராலே' என்று இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் 'த்சுக்கெரோ' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பும் நாள்

விடியற்காலை விமானம் எடுத்தவர்கள் முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே பார்க்க வேண்டும். அது ஞாயிறா, வேலை நாளா என்பதையும் சேர்த்து. முதல் ரயிலுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்றால் டாக்ஸியை இரவே சொல்லி வைக்காமல் வழியில்லை. வெனிஸ் வழியாகத் திரும்புகிறவர்கள் விமானத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு திரியெஸ்தேவிலிருந்து கிளம்பினால் பதற்றம் இருக்காது: ரயிலுக்கு இரண்டு, மெஸ்த்ரே பஸ்ஸுக்குக் காத்திருப்போடு ஒன்று, விமான நிலையத்தில் மூன்று.

ஒரு நாள் மிச்சமிருந்து, பஸ்ஸில் ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவுக்குப் போய்வரலாம் என்று நினைத்தால் கடவுச்சீட்டை ஓட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டும் ஷெங்கன் நாடுகள்தான். ஆனால் 2023 அக்டோபர் முதல் இத்தாலி அந்த எல்லையில் மறுபடி சோதனை வைத்திருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லி உள்ளே ஏறிப் பார்ப்பார்கள். கைப்பேசியில் இருக்கும் கடவுச்சீட்டுப் படம் அங்கே செல்லாது.